செங்கல்லின் தோல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். இல்லினாய் மாநிலத்தில், பியோரியாவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம், இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். என் மகளுக்குப் பள்ளியில் ‘நம் கடைவீதிக் கட்டடம் ஒன்றின் கதை’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்காகத்தான் அந்தத் தெருவை முதல்முறையாக நின்று பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு மாடி, மூன்று மாடி செங்கல் கட்டடங்கள். கீழே கடைகள், பாதி பூட்டிக் கிடக்கின்றன. மேலே ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நூற்றிருபது, நூற்றுமுப்பது வருடக் கட்டடங்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் நிழலில் வளர்ந்தவன் நான். இதை வரலாறு என்று சொல்ல நாக்கு கூசுகிறது. தவிர, இந்தப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இதே தெருதான், இதே முகப்புதான். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? இருந்தால் எங்கே தேடுவது? ஏதாவது புத்தகம் சொல்ல முடியுமா?

கே.

பி.கு.: அடுத்த மாதம் ஊர்த் தன்னார்வலர்கள் சேர்ந்து மூலைக் கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கிறோம். பக்கச் சுவரில் பழைய விளம்பர எழுத்தும் கரியும் படிந்து பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. பிரஷர் வாஷர் அடித்துப் பார்ப்போம், போகாவிட்டால் காற்றழுத்தத்தில் மணல் அடித்துவிடலாம் என்று முடிவு. கல் இடுக்குகளில் இற்றுப்போன சாந்தைச் சுரண்டிவிட்டு நல்ல சிமெண்ட் வைத்துப் பாயிண்டிங் செய்கிறோம். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

*

அன்புள்ள கே.,

சந்தோஷப்படவில்லை. உங்கள் பின்குறிப்பைப் படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சுவரில் மணலும் சிமெண்டும் ஏறுவதற்குள் இந்தப் பதில் உங்களிடம் வந்துசேர வேண்டும் என்பதற்காகக் காத்திருக்கும் மற்ற கடிதங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டின் மேலைச் சுவர் விழும் நிலையில் இருக்கிறது. கொஞ்ச நாளாகக் குடும்பத்தில் அதே பேச்சு, என் மனதிலும் அதே நினைப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தஞ்சாவூர். இந்த ஒப்பீட்டை தயவுசெய்து விட்டுவிடுங்கள். அமெரிக்கா போன நம்மவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பெரிய கோயிலைக் கட்டியவன் பேரரசன், அவன் கையில் ஒரு தேசத்தின் வருமானம் இருந்தது. நீங்கள் பார்க்கும் தெருவைக் கட்டியவர்கள் மளிகைக்காரரும் இரும்புக்கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும். கடன் வாங்கி, இருபது இருபத்தைந்தடி அகல மனையில், பக்கத்துக் கடைக்காரரோடு ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு கட்டினார்கள். ராஜராஜன் காலத்தில் அப்படி ஒரு மளிகைக்காரர் கட்டிய கடையைத் தஞ்சையில் எனக்குக் காட்ட முடியுமா உங்களால்? சாமானியன் கட்டியது பெரும்பாலும் நிலைத்து நிற்பதில்லை. நின்றிருக்கும்போது அதன் வயதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவது சோம்பேறித்தனம். இதை இத்தோடு விடுகிறேன்.

‘எந்த ஊருக்குப் போனாலும் இதே தெரு’ என்கிறீர்கள். இது நல்ல கவனிப்பு. ஆனால் கவனித்ததோடு நின்றுவிட்டீர்கள். ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே?

தீயிலிருந்து தொடங்குங்கள். அந்த ஊர்களின் முதல் கடைகள் பலகைக் கட்டடங்கள். நெருக்கியடித்த வரிசை, உள்ளே விறகடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு. ஒன்று பற்றினால் வரிசையே போகும். 1871 அக்டோபர் 8 இரவு சிகாகோ எரியத் தொடங்கியது எல்லாருக்கும் தெரியும். அதே இரவில் விஸ்கான்சினில் பெஷ்டிகோ என்ற மர ஆலை ஊர் சுற்றுப்புறத்தோடு அழிந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊர் ஊராக நகரசபைகள் கடைவீதியைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு கிழித்து, இதற்குள் மரத்தால் கட்டக் கூடாது என்று சட்டம் போட்டன. காப்பீட்டுக் கம்பெனிகள் பின்னாலிருந்து நெருக்கின. உங்கள் தெருவைச் சிவப்பாக்கியது அந்தப் பயம்தான்.

அந்தக் காப்பீட்டுக்காரர்கள்தான் உங்கள் மகளின் கட்டுரைக்கும் வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சான்போர்ன் வரைபடங்கள் என்று தேடுங்கள். டேனியல் ஆல்ஃபிரட் சான்போர்ன் என்ற நில அளவையாளர் 1867ல் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி. ஐம்பதடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் ஊர்களைக் கட்டடம் கட்டடமாக வரைந்து வைத்தார்கள். செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள், கருங்கல்லுக்கு நீலம். எத்தனை மாடி, எந்தப் பக்கம் ஜன்னல், உள்ளே மளிகையா, தொப்பிக்கடையா, மதுக்கடையா எல்லாம் குறித்திருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வந்து திருத்தினார்கள். வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் பெரும்பகுதியை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. மகளை உட்காரவைத்து உங்கள் தெருவின் அடுத்தடுத்த பதிப்புகளை வரிசையாகப் போட்டுக் காட்டுங்கள். மஞ்சள் கட்டங்கள் ஒவ்வொன்றாக இளஞ்சிவப்பாக மாறுவதை அவளே கண்டுபிடிப்பாள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

தீக்கு அடுத்தது ரயில். இரும்புத் தூண் ரயிலில் வந்தது, கண்ணாடி ரயிலில் வந்தது, பல ஊர்களில் முகப்பே ரயிலில் வந்தது. இந்தியானாவின் இவான்ஸ்வில்லில் ஜார்ஜ் மெஸ்கர் என்பவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். அவருடைய சகோதரர்கள் பெர்னார்டும் ஃபிராங்கும் செயின்ட் லூயிஸில் இன்னொன்று வைத்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய தகரக் கொல்லர் ஒருவரின் பிள்ளைகள். கேட்டலாக் அச்சடித்து ஊர் ஊராகத் தபாலில் அனுப்பினார்கள். கடைக்காரர் தன் மனையின் அகலத்தை எழுதிப்போட்டால் வார்ப்பிரும்புத் தூண்கள், மேலே பூவேலை செய்த துத்தநாகம் பூசிய தகடு, ஜன்னல் தொப்பி, கூரையோர அலங்கார விளிம்பான கார்னிஸ் எல்லாம் பெட்டிகளில் வந்து இறங்கும். உள்ளூர்த் தச்சரும் கொத்தனாருமே மாட்டிவிடலாம். இல்லினாய் முழுக்க இவர்கள் சரக்கு நிற்கிறது. நீங்கள் சலித்துக்கொண்ட ஒற்றுமை அங்கிருந்து வருகிறது. மக்காச்சோள வயல்களுக்கு நடுவே கடை வைத்த ஒருவர், பெருநகரத்துக்காரனுக்கு இருக்கும் முகப்பு தனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டு, தன்னால் முடிந்த விலைக்கு அதை வாங்கியிருக்கிறார். எனக்கு அந்த ஆசைமேல் மிகுந்த மரியாதை உண்டு.

நாளை போனால் கடைவாசலில் குனிந்து பாருங்கள். தூணின் அடியில், நடைபாதையை ஒட்டி, உள்ளங்கையகலத் தகட்டில் வார்த்த எழுத்து இருக்கும். எட்டுப் பத்துத் தடவை பெயிண்ட் அடித்ததில் எழுத்தெல்லாம் மழுங்கியிருக்கும், விரலால் தடவித்தான் படிக்க வேண்டும். பட்டறையின் பெயரும் ஊரும் அதில் இருக்கும். அந்த மெல்லிய தூண்கள் மேலே உள்ள இரண்டு மாடிச் செங்கல்லையும் தாங்குவதால்தான் கீழே சுவரே இல்லாமல் முழுக்கக் கண்ணாடி வைக்க முடிந்தது. கண்ணாடிக்கு மேலே குறுக்குப்பட்டையில் சிறு சிறு சதுரக் கண்ணாடிகள் இருந்தால் அவற்றின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், வரிவரியாக முப்பட்டகம் இருக்கும். 1890களின் கடைசியில் சிகாகோவின் லக்ஸ்ஃபர் கம்பெனி பிரபலப்படுத்தியது. தெருவெளிச்சத்தை வளைத்து நூறடி நீளக் கடையின் பின்கோடி வரைக்கும் அனுப்பும். மின்விளக்கு மலிவானதும் அதன்மேல் பலகை அடித்து மூடிவிட்டார்கள்.

மேல் மாடிகளைப் பற்றி ஒரு வரி. பல் வைத்தியர், வக்கீல், தையல்காரி, போட்டோ ஸ்டூடியோ, கடைக்காரர் குடும்பம், சங்கக் கூட்டம், மூன்றாம் மாடியில் நாடக மேடை. அந்தப் பலகையடித்த ஜன்னல்களுக்குப் பின்னால் ஊரின் பாதி வாழ்க்கை நடந்திருக்கிறது.

உங்கள் பக்கத்திலேயே கேல்ஸ்பர்க் இருக்கிறது, பியோரியாவிலிருந்து ஐ-74 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். போயிருக்கிறீர்களா? சிகாகோவுக்கு ஓர் இலக்கியக் கூட்டத்துக்காக வந்தபோது நண்பர் ஒருவர் என்னை அழைத்துப்போனார். 1858 அக்டோபர் 7 அன்று லிங்கனும் அவருடைய தேர்தல் எதிராளி டக்ளஸும் வாதிட்ட நாக்ஸ் கல்லூரிக் கட்டடத்தைக் காட்டுவது அவர் திட்டம். அதுவும் செங்கல்தான். ஆனால் நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். காலடியில் கிடந்த ஒவ்வொரு கல்லிலும் ‘பியூரிங்டன்’ என்று அச்சு. ஊருக்குக் கிழக்கே களிப்பாறையை வெட்டி, அரைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை சுட்டுச் சாலைக்கல் செய்த கம்பெனி அது. கார்ல் சாண்ட்பர்க் பிறந்த ஊர். அந்தக் கவிஞர் சிறுவனாகப் பால்வண்டியிலும் முடிதிருத்தும் கடையிலும் வேலை பார்த்தது இந்தத் தெருக்களில். அப்பா ஸ்வீடனிலிருந்து வந்தவர், ரயில்வே பட்டறையில் கொல்லருக்கு உதவியாள்.

கேல்ஸ்பர்க்குக்கு இன்னொரு பெருமையும் உண்டு. உங்கள் தன்னார்வலர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 1930களில் அமெரிக்க ஊர்களில் பழைய முகப்புகளின் மேல் வண்ணக் கண்ணாடித் தகடு ஒட்டினார்கள். 1935ல் கண்ணாடிக் கம்பெனி ஒன்று ‘மெயின் ஸ்ட்ரீட்டை நவீனமாக்குவோம்’ என்று போட்டியே நடத்தியது. 1950, 60களில் அலுமினியத் தகட்டால் முழுக் கட்டடத்தையும் மூடினார்கள், இடைஞ்சலாக இருந்த கார்னிஸை அறுத்து எறிந்தார்கள். புறவழிச்சாலையும் ஷாப்பிங் மாலும் வந்து தெருவைக் காலி செய்தன. அந்த நிலையில் 1977ல், வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளையின் மேரி மீன்ஸ் மூன்று ஊர்களை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை தொடங்கினார். கேல்ஸ்பர்க், இந்தியானாவின் மேடிசன், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ். பெரும்பணம் கொட்டவில்லை. ஊருக்கு ஒரு முழுநேர ஆளைப் போட்டார்கள். அவர் கடை கடையாக ஏறி உரிமையாளரோடு பேசினார், தகட்டைக் கழற்றவைத்தார், பலகையை எடுக்கவைத்தார், காலி மாடிக்குக் குடித்தனம் தேடினார். அமெரிக்கா முழுக்கப் பரவிய மெயின் ஸ்ட்ரீட் இயக்கம் அதிலிருந்து பிறந்தது. அந்த ஊரும் சொர்க்கமாகிவிடவில்லை. 2004ல் மேடேக் குளிர்பெட்டி ஆலை மூடி மெக்சிகோ போனது, பெரிய அடி. ஆனால் தெரு நிற்கிறது.

இப்போது உங்கள் சுவர்.

கேல்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும் வழியில் ஒரு சிறு ஊரில் காப்பி குடிக்க இறங்கினோம். பெயர் வேண்டாம். மூலைக் கட்டடம் ஒன்று மற்றவற்றைவிட வெளிறி, ஒருவிதமான ஆரஞ்சு நிறத்தில் நின்றது. அருகில் போனேன். கல்லின் முகம் முழுக்கப் பொத்தல், அம்மைத் தழும்பு. விளிம்புகள் உருண்டுவிட்டன. உள்ளங்கையை வைத்து இலேசாகத் தேய்த்தேன், கை சிவந்த மாவாயிற்று. நடைபாதையில் சுவரை ஒட்டி அதே மாவு ஒரு கோடாகக் கிடந்தது. கடைக்காரப் பெரியவர் சொன்னார், எழுபதுகளில் ஊரே சேர்ந்து சுத்தம் செய்ததாம். மணல் அடித்தார்களாம். அன்றைக்குப் புதுக்கட்டடம் போல ஜொலித்ததாம். சொல்லும்போது இன்னும் அவர் குரலில் பெருமை இருந்தது. எனக்கு அவரிடம் ஒன்றும் சொல்ல மனம் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

சூளையில் வேகும்போது கல்லின் வெளிப்பக்கம்தான் நன்றாகச் சுடப்படுகிறது. நல்ல பணியாரத்துக்கு வெளியே முறுகலும் உள்ளே மெத்தென்றும் இருக்கும் அல்லவா, அப்படி. அந்த முறுகின தோல்தான் மழையைத் தடுக்கிறது. மணலை வீசி அடிப்பவர் அழுக்கோடு சேர்த்து அந்தத் தோலையும் உரித்துவிடுகிறார். பிறகு கல் குடிக்க ஆரம்பிக்கும். மழை குடிக்கும், பனி குடிக்கும். இல்லினாய் ஜனவரியில் குடித்த நீர் கல்லுக்குள்ளேயே உறையும். உறையும் நீர் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கும். பகலில் உருகி இரவில் உறைந்து, திரும்ப உருகி உறைந்து, ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஓர் ஏடு உதிரும். உரித்த தோலை மறுபடி ஒட்ட உலகில் எந்த வித்தையும் கிடையாது. மேலே ஏதாவது ரசாயனம் பூசி மூடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பூசினால் உள்ளே போன நீர் வெளியே வர முடியாமல் இன்னும் சீக்கிரம் உடைக்கும்.

உங்கள் விஷயம் இதைவிட மோசம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விளம்பர எழுத்து இருப்பது பக்கச் சுவரில் என்று. அந்தக் காலத்துக் கடைக்காரர் நல்ல அழுத்திய கல்லை முகப்புக்கு மட்டும்தான் வாங்கினார், அது விலை. பக்கத்துக்கும் பின்னுக்கும் பெரும்பாலும் உள்ளூர்ச் சூளையின் மிருதுவான கல். அந்தக் கட்டடத்திலேயே பலவீனமான கல்லைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் மணல் அடிக்கப் போகிறீர்கள்! அந்த எழுத்தைப் பாருங்கள். மாவோ புகையிலையோ ஏதோ ஒன்றின் விளம்பரம், சாரத்தில் தொங்கிக்கொண்டு ஒருவர் கையால் எழுதியது. நூறு வருட வெயிலுக்குப் பிறகும் அது நிற்கக் காரணம் வண்ணத்தில் ஈயம் கலந்திருந்தது. மணல் அடித்தால் அந்த ஈயம் தூசியாகும், மணலின் சிலிக்காவும் தூசியாகும், இரண்டும் நெஞ்சுக்குள் போகும். அந்த வேலைக்கு உங்கள் மகளையும் கூட்டிப்போவதாக இருந்தீர்களா? தகப்பனாக இதை யோசிக்க வேண்டாமா? அதைவிட, அவளுடைய கட்டுரைக்கு அந்தத் தெருவில் கையால் எழுதிவைத்த சாட்சியம் அந்தச் சுவர்தான். அதை ‘அசிங்கம்’ என்கிறீர்கள்.

தமிழ்நாட்டிலும் இதைச் செய்தோம். கோயில் திருப்பணி என்ற பெயரில் கருங்கல் சிற்பங்கள்மேல் மணல் அடித்தார்கள். பெரிய எதிர்ப்புக்குப் பிறகுதான் அரசு தடை போட்டது. கருங்கல்லே தாங்கவில்லை. சிற்பத்தின் நகமும் நகையும் மழுங்கிப்போனதைப் போய்ப் பார்த்திருக்கிறேன். அடித்தவர்கள் பக்தர்கள், சந்தேகமே இல்லை.

அமெரிக்க தேசியப் பூங்காத் துறை 1979லேயே, மணல் அடிப்பதன் ஆபத்துகளைப் பற்றி மட்டுமே ஒரு தனிக் கையேடு வெளியிட்டிருக்கிறது. வரலாற்றுக் கட்டடம் என்று அரசு சான்றளித்த பழைய வணிகக் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் மத்திய வரியில் கழிவு கிடைக்கும். அதற்கான விதிகளில் மணல் அடிப்பதைப் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். உரிமையாளருக்கு அழகு, வரலாறு எதுவும் காதில் ஏறாவிட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அடுத்தது சிமெண்ட். எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு முழுக்கச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. நீற்றிய சுண்ணாம்பும் ஆற்றுமணலும். மேலைச் சுவரில் மட்டும் அடிப்பக்கம் பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கொத்தனார் வந்து காரை பூசிவிட்டுப் போவார். பெரியப்பாவுக்கு அது பெரிய அவமானம். ஒரே தடவையில் முடித்துவிடுகிறேன் என்று மூட்டையாகச் சிமெண்ட் இறக்கி, சுவர் முழுக்க இழைத்துப் பூசிவிட்டார். பளபளவென்று இருந்தது. ஊரே வந்து பார்த்தது. சில மழைக்காலம் போயிற்று. பூச்சில் ஒரு விரிசலும் இல்லை, ஆனால் உள்பக்கம் ஓதம் இடுப்பளவு ஏறியது, உப்புப் பூத்தது. ஒரு நாள் பூச்சு பாளம்பாளமாக விழுந்தபோது கல்லின் முகமும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. பழைய கொத்தனார், பல் போன கிழவர், வந்து பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். “தண்ணி உள்ள வாரது தப்பில்ல தம்பி. வந்த தண்ணி போவ வழி வேணும்லா” என்றார். பெரியப்பா அந்தச் சுவரை அலட்சியத்தால் கெடுக்கவில்லை. அந்த வீட்டில் அவரளவுக்கு அதை நேசித்தவர் வேறு யாரும் கிடையாது.

கிழவர் சொன்னதுதான் உங்கள் ஊருக்கும். அமெரிக்காவில் போர்ட்லண்ட் சிமெண்ட் செய்யத் தொடங்கியதே 1871ல், பென்சில்வேனியாவின் கோப்ளேயில் டேவிட் செய்லர் என்பவர். சிற்றூர்க் கொத்தனார் கைக்கு அது சாதாரணமாக வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆகவே உங்கள் சுவர் அநேகமாகச் சுண்ணாம்புச் சாந்தில் நிற்கிறது. சாவியால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள், மணலாக உதிரும், நடுவே வெள்ளைக் குருணை தெரியும். அதுதான் சுண்ணாம்பு. சுவருக்குள் போன நீர் அந்த மிருதுவான சாந்து வழியாக வெளியேறுகிறது. வெயிலில் சுவர் விரியும்போதும் குளிரில் சுருங்கும்போதும் சாந்துதான் நசுங்கிக்கொடுக்கிறது. உதிர்வது அதன் வேலை. கல்லுக்குப் பதிலாகத் தான் தேய்கிறது, ஐம்பது அறுபது வருடத்தில் ஒருமுறை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் அதை ‘இற்றுப்போன சாந்து’ என்கிறீர்கள். அந்த இடத்தில் கல்லைவிடக் கடினமான சிமெண்டை வைத்தால் நீருக்கு வழி அடைபடும், கல் வழியாகத்தான் வர வேண்டும். சுவர் விரிய இடமில்லாமல் கல்லின் விளிம்பு தெறிக்கும். கடைசியில் சிமெண்ட் மட்டும் சட்டம் சட்டமாக நீட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் கல் இருந்த இடம் குழியாக இருக்கும். இப்படிப்பட்ட சுவர்களை உங்கள் மாநிலத்திலேயே எந்த ஊரின் பின்சந்திலும் பார்க்கலாம்.

ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சாந்து எப்போதும் கல்லைவிட மிருதுவாக இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை உங்கள் குழுவில் ஒருவர் விடாமல் எல்லாரும் மனப்பாடம் செய்த பிறகே கரண்டியைத் தொடுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள மூட்டைச் சுரண்ட இயந்திர ரம்பம் வேண்டாம், அது கல்லையும் அறுக்கும். உளியும் சுத்தியலும் போதும். மூட்டின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு ஆழத்துக்கு எடுங்கள், பழைய சாந்தின் மணலும் நிறமும் எப்படி இருந்தனவோ அதே மாதிரி கலந்து வையுங்கள். உறைபனிக் காலத்தில் இதைச் செய்யவே கூடாது. எல்லா மூட்டையும் மாற்ற வேண்டியதும் இல்லை, விழுந்த இடத்தில் மட்டும் போதும். கரியை எடுக்க வேண்டுமென்றால் குறைந்த அழுத்தத் தண்ணீரும் நார்ப் பிரஷ்ஷும். அதற்குப் போகாத கரி அங்கேயே இருக்கட்டும். நிலக்கரி ரயில் ஓடிய ஊர் அது, கரியும் அதன் வரலாறுதான்.

புத்தகம் கேட்டீர்கள். இப்போது வேண்டாம். தேசியப் பூங்காத் துறையின் பாதுகாப்புக் கையேடுகளில் ஒன்று, இரண்டு, ஆறு, பதினொன்று ஆகிய நான்கை இறக்கிப் படியுங்கள். சுத்தம் செய்வது, சாந்து வைப்பது, மணல் அடிப்பதன் தீமை, கடைமுகப்பு. ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான். எல்லாம் இலவசம். ஒரே மாலையில் முடிப்பீர்கள். அச்செடுத்து அந்தத் தன்னார்வலர்கள் கையிலும் கொடுங்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல, ஊரை நேசிப்பவர்கள், விடுமுறையை விட்டுவிட்டு வேலைக்கு வருபவர்கள். அவர்களோடு சண்டை வந்தால் வரட்டும். புதிதாக வந்த இந்தியன் நமக்குச் சொல்ல வந்துவிட்டானே என்று யாராவது முகம் சுளிக்கலாம். அந்தத் தெருவில் தூண் மாட்டியவர்களில் பலரும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான், ஜெர்மனியிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும். உங்களுக்கும் அந்தச் சுவரில் பேச்சுரிமை உண்டு.

மகளுக்கு ஒரு வேலை. பக்கச் சுவரில் நட்சத்திர வடிவ இரும்புத் தகடுகள் பதித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அலங்காரம் என்று நினைப்பாள். உள்ளே தரைக்கட்டைகளோடு சுவரை இழுத்துக் கட்டியிருக்கும் இரும்புக் கம்பியின் முனை அது. ஒவ்வொரு நட்சத்திரமும் எந்த மாடித் தரை மட்டத்தில் இருக்கிறது என்று அவள் படம் வரைந்து குறிக்கட்டும். செங்கல் வரிகளையும் எண்ணட்டும். ஐந்து, ஆறு வரிக்கு ஒருமுறை கல்லின் தலை மட்டும் தெரியும் வரி வரும், சுவரின் உள்ளடுக்கையும் வெளியடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் வரி அது. அந்தச் சுவரிலுள்ள எழுத்தை எழுத்தெழுத்தாகப் படியெடுக்கட்டும். மழை பெய்து நனைந்திருக்கும்போது பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சான்போர்ன் வரைபடமும் இந்த மூன்றும் இருந்தால் அவளுக்குக் கட்டுரை தயார்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. சாந்து விழுந்திருக்கிறது என்றால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. கூரைக்குப் போங்கள். மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச்சுவரின் மேல்தகடு பெயர்ந்திருக்கிறதா, நடைபாதைச் சரிவு சுவரைப் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் கீழே எதைப் பூசினாலும் வீண். பிறகு ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்து, வேலை தொடங்குமுன் சுவரை வந்து பார்க்கவோ படம் பார்த்து ஆலோசனை சொல்லவோ முடியுமா என்று கேளுங்கள். அடுத்த மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள், தேதி எழுதவில்லை. இன்றே கேளுங்கள்.